சுஜிதா ஒடித்த பென்சில்கள்

ஆனி பிறந்ததிலிருந்து குத்துக்கல்வலசையில் வெயில் முகமே காட்டவில்லை. மேற்கே மலை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. சாரல் ஊசி ஊசியாக விழுந்துகொண்டே இருந்தது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன். பீடி சுற்றுகிறவர்களுக்குக் கெட்ட காலம். புகையிலைத் தூள் பிசுபிசுத்து விரலில் அப்பும். இன்றைக்கு இறுக்கமாகச் சுற்றி வைத்த பீடி நாளைக்கு நெகிழ்ந்து வாயைப் பிளக்கும். முத்துசெல்வி சோறு வடித்த கையோடு அடுப்புச் சூட்டில் அலுமினியத் தட்டைப் போட்டு, பீடிக் கட்டுகளை அடுக்கிக் காயவைப்பாள். அப்படியும் நமுத்துப்போகும்.

மடியில் முறம் போலச் சொளவு, சொளவில் வெட்டின இலை, ஒரு ஓரத்தில் தூள், கத்தரி, நூல். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இடுப்பு கழன்று விழுகிறவரை அதுதான். சுற்றுவது அவள். வாய் மடக்குவது அவள் மகள் சுஜிதா. எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, சொளவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சின்ன இரும்புக் கம்பியால் பீடியின் தலைமாட்டு இலையை உள்ளே தள்ளி மடக்க வேண்டும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் மடக்கத்தான் செய்தார்கள். யாரும் அதை வேலை என்று சொல்வதில்லை. அம்மைக்கு ஒத்தாசை.

முத்துசெல்வியின் புருஷன் சுடலைமுத்து குற்றாலத்தில் பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கிறவன். சீசன் மூன்று மாதமும் காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவான். மற்ற மாதங்களில் லோடு ஏற்றப் போவான். மனிதர்களின் முதுகையும் தொடையையும் பிசைந்து பிசைந்து அவன் பெருவிரல் இரண்டும் பின்னால் வளைந்துபோயிருந்தன.

ஆனி மாதத்து முதல் வியாழக்கிழமை, முத்துசெல்வி பீடிக் கடைக்குப் போகும்போது சுஜிதாவையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்கு முன்னால் இருபது பெண்கள் கடைக் கார்டோடு வரிசையில் நின்றார்கள். கார்டு இருந்தால்தான் இலையும் தூளும் கிடைக்கும். செக்கர் ஜெகதீஸ்வரன் ஒவ்வொருத்தி கட்டையும் பிரித்து, பீடியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டி, வாயை அமுக்கிப் பார்த்து, பிடிக்காததை இரண்டாக ஒடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ஒடித்தது கழிவு. ஒடிக்கும்போது வாயாலும் 'கழிவு' என்று சொல்வார். அது அவருக்குப் பழக்கம்.

முத்துசெல்வியின் கட்டைப் பிரித்ததும் அவர் கை நின்றது.

"இது யாரு கை?"

"எங்கைதான் அண்ணாச்சி."

"எங்கிட்டயா கத விடுத? இருவது வருசமா இந்த எழவத்தான் பாக்கேன். சுத்துனது ஒரு கை, மடக்குனது ஒரு கை. மடக்குனது பால்குடிக் கை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு நஸீபாவும் சிரித்தாள். அவள் வீட்டிலும் மடக்குவது இரண்டு பிள்ளைகள்தான்.

ஜெகதீஸ்வரன் குனிந்து சுஜிதாவைப் பார்த்தார். "யாரு, நீதானா மேஸ்திரி?"

அவர் கண் சிரிப்பது போல இருந்தது. தன்னை மெச்சுகிறார் என்று பிள்ளை நினைத்துக்கொண்டது. "ஆமா, நாந்தான்" என்று நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"கேட்டியா? பிள்ள உண்மைய சொல்லிட்டு. நீதான் இருவது பேரு முன்னால பொய் சொல்லுத." அவள் கொண்டுவந்த இரண்டு கட்டுப் பீடியையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒடித்தார். கழிவு. கழிவு. "பிள்ளய வச்சு வேல வாங்குதன்னு மேல தெரிஞ்சா என் கழுத்துக்கு வந்துரும். இன்னொரு தடவ இந்தக் கையப் பாத்தேன், கார்டப் புடுங்கிருவேன், கார்டு கட்டு. அப்புறம் இங்கன வந்து நிக்கக்கூடாது."

முத்துசெல்வி தலையைக் குனிந்தபடியே வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். பிள்ளையின் வலது கையைப் பிடித்துச் சொளவின் விளிம்பில் வைத்தாள். கத்தரியை மூடித் திருப்பி, அதன் முதுகால் விரல்களின் மேல் அடித்தாள்.

"கேட்டா நாந்தான்னு சொல்லுவியா? சொல்லுவியா? வெளங்காத கை. வெளங்காத கை."

எத்தனை அடி என்று அவளுக்கே தெரியாது. பிள்ளை முதல் இரண்டு அடிக்குத்தான் கத்தியது. பிறகு வாயைத் திறக்காமல் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சுட்டுவிரல் நகம் மறுநாள் கறுத்துவிட்டது. சுடலைமுத்து கேட்டதற்கு, கதவில் நசுங்கிட்டு என்றாள் முத்துசெல்வி.

ஆனாலும் மறுநாள் சாயந்தரம் பிள்ளையை மறுபடியும் மடக்க உட்காரவைத்தாள். ஒரே ஆள் சுற்றி மடக்கி ஆகிற வேலை இல்லை. கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு பிள்ளை மடக்கினாள்.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள சின்னப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை மங்களேஸ்வரி நல்ல மாதிரிதான், ஆனால் நல்ல களைப்பில் இருந்தார். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். இரண்டாக ஒடிந்த பென்சில்கள்.

"எல்லாம் உங்க மக வேல. வரிசையா பிள்ளைகள நிக்க வச்சு, பென்சில வாங்கி, உருட்டிப் பாத்து, கூர அமுக்கிப் பாத்து, டக்குனு ஒடிச்சிருதா. மொதல்ல எல்லாம் சிரிச்சிக்கிட்டு நின்னுச்சு, வெளாட்டுன்னு நானும் விட்டேன். நேத்து ஒண்ணாம் வகுப்பு வித்யாலட்சுமி கையெழுத்து கோணலா இருக்குன்னு சொல்லி அந்தப் பிள்ள விரலப் புடிச்சிப் பின்னால மடக்கிட்டா. ஆஸ்பத்திரில கட்டுப் போட்டிருக்காவ. அது வீட்டுக்காரங்க காலைல வந்து ஒரே சத்தம். உங்க பிள்ள இருந்தா அவுங்க பிள்ளைய அனுப்ப மாட்டாவளாம்."

"மன்னிச்சிருங்க டீச்சர். அடிச்சிக் கண்டிக்கேன்."

"அடிச்சிக் கிடிச்சித் தொலைச்சிராதீங்க. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. புதன்கிழம கவுன்சிலிங் டீச்சர் வருவாவ. ஏழெட்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஆளு, மாசத்துல ஒருநாள்தான் நமக்கு. அவுங்க பாத்துட்டு என்ன சொல்லுதாவளோ அத வச்சித்தான் நான் அந்த வீட்டுக்காரங்ககிட்ட பேச முடியும். ஒண்ணுமே இல்லன்னா, நீங்க வேற பள்ளிக்கூடந்தான் பாக்கணும்."

எழுந்தபோது தலைமையாசிரியை இன்னொன்றும் சொன்னார். "விரல மடக்கும்போது அவ என்ன சொன்னா தெரியுமா? வெளங்காத கைன்னாளாம். எட்டு வயசுப் பிள்ள எங்கேர்ந்துதான் இதெல்லாம் படிக்குதோ."

முத்துசெல்வி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சுடலைமுத்து சாயந்தரம் ஈர லுங்கியோடு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். கையைக் கழுவாமலே இருந்தான்.

"கவுன்சிலிங்னா? மண்ட சரியில்லாதவங்களுக்குப் பாக்குததுல்லா?"

"பள்ளிக்கூடத்து டீச்சர்தாங்க. பேசிப் பாப்பாவளாம்."

"நல்லா இருக்குத பிள்ளகிட்ட டீச்சர் பேசினா போதாதா, அதுக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு வருது?" அவன் லுங்கியின் ஈர நுனியைப் பிழிந்தான். "சூடுதான் செல்வி. மண்டைல சூடு ஏறிட்டு. அங்கன எத்தன பேரக் கூட்டிட்டு வாராவன்னு நான் பாக்கேன்லா. சங்கிலி போட்டுக் கூட்டிட்டு வாராவ. எங்கையால தேச்சு விட்டிருக்கேன். உச்சந்தல நெறய எண்ணெய வச்சு, அருவில அரமணிக்கூர் நிறுத்தினா அடங்கி உக்காந்துருவான். நம்ம பிள்ளைக்கு இது எம்மாத்திரம்? ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வா."

அவளுக்குக் காரணம் தெரியும். வாய்வரை வந்தது. அவன் கையைப் பார்த்தாள். சொன்னால் அந்தக் கை தன் மேல் விழாது, அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் பிள்ளையின் விரலை எடுத்துப் பார்ப்பான். அதைத் தாங்க முடியாது என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிய, கூட்டம் ஏறுவதற்கு முன்னால் போனார்கள். சுடலைமுத்து ஒரு கல்லில் பிள்ளையை உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் ஊற்றினான். காசு கொடுத்தவர்களுக்குத் தேய்ப்பதைவிடப் பதனமாகத் தேய்த்தான். காதுக்குப் பின்னால், பிடரியில், புருவத்துக்கு மேல்.

"எனக்கு என்னப்பா?" என்றாள் சுஜிதா.

"ஒண்ணுமில்ல மக்கா. மண்டச் சூடு. தண்ணில நின்னா ஓடிரும்."

பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு இருந்த கூட்டாளி எட்டிப் பார்த்தான். "என்ன சுடல, வீட்டுலயே பைத்தியக் கேசா? இலவசமா?"

"போலே, உன் சோலியப் பாரு."

பெண்கள் பக்கம் முத்துசெல்விதான் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் கல்லெறி போல விழுந்தது. பிள்ளை மூச்சு முட்டித் திணறி வெளியே வரப் பார்த்தாள். "நில்லுட்டி, அப்பா சொல்லியிருக்காவல்லா" என்று கையைப் பிடித்து உள்ளே நிறுத்தினாள். பிடித்த கையில் அந்தக் கறுத்த நகம் இருந்தது. அருவிச் சத்தத்தில் எதைச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது. அப்போதுகூட அவள் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நஸீபா இலை வெட்டிக்கொண்டே சொன்னாள். "ஏட்டி செல்வி, வாயத் தொறந்து கீறந்து வச்சிராத. அந்தப் பொம்பள எழுதிட்டுப் போயிருவா. பிள்ளைகள பீடி மடக்க விட்டாவன்னு எழுதினா உனக்கு மட்டுமா, தெருவுக்கே கார்டு போயிரும். எனக்கு ரெண்டு பிள்ள மடக்குது, பாத்துக்கோ."

"நான் எங்க சொல்லப் போறேன்."

"நீ சொல்லாட்டா கை சொல்லும். எலுமிச்சங்காயப் போட்டுத் தேய்ச்சிக் கழுவிவிடு. தூள் வாட போயிரும்."

முத்துசெல்வி பாதி எலுமிச்சையால் பிள்ளையின் இரண்டு கைகளையும் தேய்த்தாள். நக இடுக்கில் புளிப்பு இறங்கியதும் சுஜிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கையை இழுக்கவில்லை.

கவுன்சிலிங் டீச்சர் ஜெபமலருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நனைந்த குடையும் ஒரு துணிப்பையுமாக பஸ்ஸில் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேறு இடம் இல்லாததால் சத்துணவு அரிசி மூட்டை அடுக்கின அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சுஜிதாவோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தாள். வெளியே வராந்தாவில் முத்துசெல்வி உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளையின் சத்தம் கேட்டது. பேசுகிறாள், நிறையப் பேசுகிறாள். ஒருமுறை சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் முத்துசெல்வி எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்கள். மங்களேஸ்வரி டீச்சரும் நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருந்தா நல்லது மேடம்" என்றாள் ஜெபமலர்.

"அந்த வீட்டுக்காரங்களுக்குப் பதில் சொல்லப்போறது நான்ல. நானும் தெரிஞ்சிக்கிடுதேன். பேசுங்க."

ஜெபமலர் அதோடு விட்டுவிட்டாள். தரையில் ஒரு செய்தித்தாளின் மேல் களிமண் உருட்டி வைத்திருந்தது. சின்னச் சின்னக் குச்சிகள், ஒரே நீளம். பாதி ஒடிந்து கிடந்தன.

"இத நான் செய்யச் சொல்லல சுஜிதாம்மா. களிமண்ணக் கையில குடுத்தேன். அவளா உருட்டினா, அவளா தலைய மடக்கினா. பொறவு ஒவ்வொண்ணா ஒடிச்சா. ஒடிக்குதது யாருன்னு கேட்டேன், செக்கர் மாமான்னா. முன்னால நிக்குதது யாருன்னேன், அம்மான்னா. அப்புறம் கத்தரியக் கேட்டா. நான் ஸ்கேலக் குடுத்தேன். அவ கைய அவளே அடிச்சிக் காட்டினா."

அரிசி மூட்டையில் ஒரு எலி ஓடியது. முத்துசெல்வி அதையே பார்த்தாள்.

"உங்களக் குத்தம் சொல்ல வரல. எங்கம்மாவும் பீடிதான் சுத்தினாவ. சாரல் காலத்துல எங்க வீட்டுலயும் அடி விழும். பிள்ள கெட்ட பிள்ள இல்ல. அவளுக்கு நடந்தத அவ திருப்பிச் செஞ்சு பாக்கா, அவ்ளோதான். ஆமா, நடந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அது அவளுக்குத் தெரிஞ்சா பாதி சரியாயிரும். மத்ததுக்கு வாரம் ஒருக்கா நான் போன்ல பேசுதேன். அந்த வீட்டுலயும் நானே போயி பேசுதேன்."

அவள் சொன்னது எல்லாம் முத்துசெல்விக்குப் புரிந்தது. நம்பவும் தோன்றியது. ஆனால் மங்களேஸ்வரி டீச்சரின் பேனா மூடி திறந்திருந்தது. நோட்டில் தேதி எழுதியாகிவிட்டது. இருபது பெண்கள் சிரித்தது காதில் கேட்டது. கார்டு கட்டு.

"எங்க வீட்டுல பிள்ள பீடியத் தொடவே தொடாது டீச்சர்."

"சுஜிதாம்மா..."

"நான் அடிக்கவும் செய்யல. கதவுல நசுங்கின விரலு அது. அவ அப்பாகிட்ட வேணா கேளுங்க. டிவில எதையாவது பாத்துட்டு வந்து சொல்லுதா." இருமிவிட்டுச் சொல்லி முடித்தாள். "பொய் சொல்லுத பிள்ள அது."

மங்களேஸ்வரி டீச்சர் கதவைப் பார்த்துக் கூப்பிட்டார். "சுஜிதா, இங்கன வா. உங்கம்மா இப்படிச் சொல்லுதாவ. நீ டீச்சர்ட்ட சொன்னது பொய்யா?"

"அவளக் கேக்காதீங்க மேடம்" என்று ஜெபமலர் எழுந்தாள்.

அதற்குள் பிள்ளை உள்ளே வந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நாந்தான் பொய் சொன்னேன் டீச்சர்."

போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மேலும் சொன்னாள். "எனக்கு பைத்தியம் டீச்சர். ஞாயித்துக்கிழம அருவில நின்னாச்சு. இப்ப சரியாயிட்டு."

ஜெபமலர் உட்கார்ந்துவிட்டாள். மங்களேஸ்வரி டீச்சர் பேனாவை மூடினார். "வெள்ளிக்கிழம வந்து டி.சி. வாங்கிக்கிடுங்க. நான் என்ன செய்ய."

வெளியே சாரல் கொஞ்சம் கனத்திருந்தது. முத்துசெல்வி முந்தானையைப் பிள்ளையின் தலையில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளை முந்தானையை உதறிவிட்டுத் தேங்கின தண்ணீரில் குதித்துக் குதித்து முன்னால் போனாள். இந்த ஒரு மாதத்தில் அவள் அப்படிக் குதித்து முத்துசெல்வி பார்க்கவில்லை. ரேஷன் கடைத் திருப்பத்தில் நின்று திரும்பி, கண்ணெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

"இப்ப சரியாச் சொன்னனாம்மா?"

"என்னது?"

"அன்னைக்கு செக்கர் மாமாட்ட தப்பாச் சொல்லிட்டேன்லா. இன்னைக்கு சரியாச் சொன்னேன்லா?"

முத்துசெல்வி ரோட்டின் நடுவில் நின்றுவிட்டாள். ஒரு பால்காரன் பைக்கை ஒதுக்கி, "எக்கா, நடுரோட்டுல என்ன நெனப்பு?" என்று திட்டிவிட்டுப் போனான். நனைந்துகொண்டு நின்றாள். பிள்ளை இன்னும் பதிலுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மெச்சுவாள் என்று.

அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் கவுன்சிலிங் டீச்சர் இல்லை, இப்போதுதான் போனார்கள் என்றாள் ஆயா. முத்துசெல்வி மெயின் ரோட்டுக்கு ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பீடிக் கடைக்குப் போகிற நான்கைந்து பெண்கள், மடியில் கட்டுகளோடு. நஸீபாவும் நின்றாள். ஓரத்தில் குடையை மடக்கிக்கொண்டு ஜெபமலர்.

"டீச்சர்."

ஜெபமலர் திரும்பினாள்.

"பிள்ள பொய் சொல்லல. நாந்தான் சொன்னேன். மடக்குதது அவதான். கத்தரியால அடிச்சதும் நாந்தான்."

"ஏட்டி, கோட்டி புடிச்சிட்டாட்டி உனக்கு?" நஸீபா அவள் முழங்கையைப் பிடித்துத் திருகினாள். "சும்மா இரி. தெருவ சந்திக்கு இழுக்காத."

மற்றப் பெண்கள் கட்டுகளை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். தென்காசி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுதவங்க ஏறுங்க, மழையில வேடிக்க பாக்காதீங்க" என்றான். யாரும் ஏறவில்லை. ஜெபமலர் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். பஸ் போய்விட்டது.

"எங்கிட்ட சொன்னது போதும் சுஜிதாம்மா" என்றாள். "அவகிட்ட சொல்லுங்க."

முத்துசெல்வி ஈரத் தரையில் குத்தவைத்தாள். பிள்ளையின் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. சொல்ல வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும். இப்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை. பீடிக்காரப் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அன்னைக்கு உன் கையில அடிச்சேன்லா மக்கா. நீ உண்மையத்தான் சொன்ன. எம்மேலதான் தப்பு."

சுஜிதாவின் முகம் மாறியது. பயந்துபோனாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "இல்ல டீச்சர். அம்மா சும்மா சொல்லுதா. அடிக்கவே இல்ல."

"அடிச்சேன் மக்கா."

பிள்ளை குனிந்து அம்மாவின் காதோடு வாயை வைத்தாள். "அப்படிச் சொல்லக்கூடாதும்மா. கார்டு கட்டாயிரும்."

முத்துசெல்வி அந்தக் கறுத்த நகத்தைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அடிச்சேன் என்று மறுபடியும் சொன்னாள். சுஜிதா கையை உருவி, எலுமிச்சை வாடை இன்னும் போகாத இரண்டு கைகளாலும் அம்மாவின் வாயை இறுக்கிப் பொத்தினாள்.